மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்பதற்கு முன்: மனு, செலவுக் கணக்கு, புகார்

கேள்வி கேட்டவர் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவர். பேரவைச் செயலாளர் பதவிக்கு நிற்க நினைக்கிறார். யார் நிற்கலாம், எவ்வளவு செலவு செய்யலாம், போஸ்டர் அடிக்கலாமா, கட்சிக்காரர்கள் வந்து பேசலாமா, எதிரணி விதியை மீறினால் யாரிடம் போவது, தோற்றுவிட்டால் அத்தோடு வேலை முடிந்ததா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்தல் குறைதீர்ப்புக் குழுவில் சில ஆண்டுகள் உட்கார்ந்த அனுபவத்தில் பதில் எழுதுகிறேன். மேடையில் சொதப்பியதற்காகத் தகுதி இழந்த வேட்பாளரை நான் பார்த்ததில்லை. வருகைச் சான்றிதழ் இல்லாமல், பில் இல்லாமல், ஒரு நாள் தாமதத்தால் கவிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் பிரச்சாரத்தைவிடக் காகித வேலையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில், இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள். வாக்குவாதம் வரும்போது உதவும். கேரளத்தில் கல்லூரித் தேர்தல்களை எப்படி நடத்துவது என்று கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்கள் கூட்டமைப்புக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005 டிசம்பரில் நீதிமன்றம் ஒரு குழு அமைக்கச் சொன்னது. 2001 முதல் 2004 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த ஜே.எம். லிங்டோ அதற்குத் தலைவரானார். 2006 மே மாதம் அறிக்கை வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் உஜ்ஜயினில் மாணவர் தேர்தல் தகராறில் தாக்கப்பட்டு ஒரு பேராசிரியர் உயிரிழந்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த மாதமே, 2006 செப்டம்பர் 22 அன்று, இனி நடக்கும் மாணவர் தேர்தல்களில் லிங்டோ பரிந்துரைகளைப் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

ஆக, இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை, நீதிமன்ற உத்தரவின் பலத்தில் நிற்கும் பரிந்துரைத் தொகுப்பு. இப்படிச் சட்டம் போல ஒன்றை நீதிமன்றமே பிறப்பிக்கலாமா என்று 2009-ல் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்றே சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதற்காக உங்கள் தேர்தல் அதிகாரியிடம் போய் "இது செல்லாது சார்" என்று வாதாடிவிடாதீர்கள். பல்கலைக்கழகங்கள் தேர்தல் அறிவிப்பில் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

இன்னொரு அடுக்கும் உண்டு. உங்கள் பல்கலைக்கழகப் பேரவைக்கென்று தனி அமைப்பு விதிகள் இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் தேர்தல் அறிவிப்போடு ஒரு நடத்தை விதிப் பட்டியலும் வெளிவரும். முன்மொழிபவர் எத்தனை பேர், அவர்கள் எந்தத் துறையாக இருக்க வேண்டும், டெபாசிட் உண்டா, வாபஸ் கடைசி நேரம் என்ன, எல்லாம் அங்கேதான் இருக்கும். லிங்டோ அறிக்கையில் இவற்றைத் தேடிப் பயனில்லை. அமைப்பு விதிகள், நடத்தை விதிப் பட்டியல் இரண்டையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

உங்கள் பதவிக்கு யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் போல ஒரே வளாகமாக இருக்கும் இடங்களுக்கு, எல்லா மாணவர்களும் நேரடியாகப் பேரவை நிர்வாகிகளை (தலைவர், செயலாளர் போன்றோரை) தேர்ந்தெடுக்கும் முறையை லிங்டோ குழு சொன்னது. கல்லூரிகள் பல ஊர்களில் பரந்து கிடந்தால், ஒவ்வொரு கல்லூரியும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிரதிநிதிகள் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். வகுப்புப் பிரதிநிதிகள் வழியாகப் போகும் முறையும் உண்டு. உங்கள் வளாகத்தில் மறைமுகத் தேர்தல் என்றால் உங்கள் வாக்காளர் ஆயிரக்கணக்கில் இல்லை, சில டஜன் பேர்தான். அப்படியானால் முதலில் உங்கள் துறையில் பிரதிநிதியாக ஜெயிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வளாகம் முழுக்க ஓடியவர்கள் உண்டு.

சரி, தகுதிக்கு வருவோம்.

வயது: இளநிலை மாணவர் 17 முதல் 22 வரை. முதுநிலைக்கு உச்சவரம்பு 24–25. ஆராய்ச்சி மாணவருக்கு 28. நான்கைந்து ஆண்டுத் தொழிற்படிப்புகளில் இளநிலை வரம்பைத் தளர்த்திக்கொள்ளலாம். முதுநிலைக்கு "24–25" என்று அறிக்கையே இழுத்துவிட்டிருக்கிறது. உங்கள் அறிவிப்பு 24 என்கிறதா 25 என்கிறதா, எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். மனு தாக்கல் நாளா, தேர்தல் நாளா என்பதில் ஒரு பிறந்தநாள் நடுவில் வந்து மாட்டிக்கொண்டவர் இருக்கிறார். ஆராய்ச்சி மாணவர்களின் 28 நடைமுறைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. வேலை பார்த்துவிட்டுப் பி.எச்டி.க்கு வருபவர்களையும், பிள்ளை வளர்த்துவிட்டு வரும் பெண்களையும் அது மொத்தமாக வெளியே தள்ளுகிறது. நேரு பல்கலைக்கழகத்தில் இந்த விதிகளின் மோதலால் 2008-ல் தேர்தலுக்குத் தடை வந்து, வயது உள்ளிட்ட சில நிபந்தனைகளில் உச்ச நீதிமன்றம் தளர்வு தந்த பிறகு 2012 மார்ச்சில்தான் மறுபடி தேர்தல் நடந்தது. அந்தத் தளர்வு அவர்களுக்குக் கிடைத்தது. உங்கள் பல்கலைக்கழகமும் தானாகத் தரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வருகை: பல்கலைக்கழகம் சொல்லும் குறைந்தபட்ச அளவு, அல்லது 75 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. பணம் கட்டியோ மருத்துவச் சான்று கொடுத்தோ கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்கு) வாங்கிப் பரீட்சை எழுதியவர்கள் இங்கேதான் தடுக்கிவிழுவார்கள். பரீட்சை எழுத அனுமதி கிடைத்தது என்பதால் 75 ஆகிவிடாது. தேர்தல் கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்பதால், எந்தப் பருவத்தின் வருகையைப் பார்ப்பார்கள் என்ற குழப்பமும் வரும். நீங்கள் இரண்டாம் ஆண்டு, எனவே சென்ற பருவத்தின் கணக்கைக் கேட்கலாம். துறைத் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். மனு தாக்கலுக்கு முந்தைய நாள் அவர் கருத்தரங்குக்கு ஊருக்குப் போயிருப்பார். எப்போதும் போயிருப்பார்.

அரியர்: குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் குழு விதிக்கவில்லை. ஆனால் போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது. மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருக்கிறேன், பாஸ் ஆகிவிடும் என்பது பரிசீலனை மேசையில் எடுபடாது. முடிவு வராவிட்டால் அன்றைய நிலவரப்படி அது அரியர்தான். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் உங்கள் நிலவரத்தை எழுத்தில் கேளுங்கள்.

குற்றப் பின்னணி: இதில்தான் தகராறு அதிகம். வேட்பாளர் எந்தக் குற்ற வழக்கிலும் விசாரிக்கப்பட்டோ தண்டிக்கப்பட்டோ இருக்கக்கூடாது, பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஆளாகியிருக்கக்கூடாது என்று அறிக்கை சொல்கிறது. நாட்டின் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பவருக்குக்கூட இவ்வளவு கடுமை கிடையாது என்று மாணவர் அமைப்புகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து உட்கார்ந்தவருக்கு நிர்வாகம் ஒரு தண்டனைக் கடிதம் கொடுத்துவிட்டால், அவரை அடுத்த தேர்தலிலிருந்து விலக்கிவிடலாம். குழு இதை நினைத்து எழுதியிருக்காது. நடப்பது இதுதான். உங்கள் மேல் ஏதாவது இருந்தால் சொற்களைக் கவனமாகப் பாருங்கள். விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸ் ஒழுங்கு நடவடிக்கை ஆகாது; விசாரணை முடிந்து வந்த எச்சரிக்கையோ அபராதமோ ஆகலாம். போலீஸில் வழக்குப் பதிவானதும் நீதிமன்றத்தில் விசாரணை நடந்ததும் வேறு வேறு. எதையும் மறைத்து உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டாம். மறைத்தது பின்னால் வெளியே வந்தால், பழைய விஷயத்தைவிட அந்தக் கையெழுத்தே பெரிய சிக்கலாகிவிடும்.

வாய்ப்பு எத்தனை தடவை: நிர்வாகி பதவிக்கு ஒரே ஒரு முறை நிற்கலாம், செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு முறை. அறிக்கையில் இருப்பது போட்டியிடும் வாய்ப்பு. ஜெயிப்பது பற்றி அது பேசவில்லை. சென்ற ஆண்டு இணைச் செயலாளருக்கு நின்று தோற்றிருந்தால் இந்த ஆண்டு செயலாளருக்கு நிற்க முடியாமல் போகலாம். உங்கள் கேள்வியில் இதைப் பற்றி எதுவும் இல்லாததால் முதல் முறை நிற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் யோசித்துப் பதவியைத் தேர்ந்தெடுங்கள். "சும்மா நின்று பார்க்கலாம்" என்பதற்கு இங்கே இடம் கிடையாது. அப்புறம், முழுநேர மாணவராக, குறைந்தது ஓராண்டுப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வி மாணவர் நிற்க முடியாது.

மனு நிரப்பும்போது கல்லூரி அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் எழுதுங்கள். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அதே பதவிக்கு வேறு யாருக்கும் கையெழுத்துப் போடவில்லை என்று நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள். நட்புக்காக நாலு பேருக்குப் போட்டுக்கொடுக்கும் நல்லவர்கள் எல்லா வளாகத்திலும் உண்டு. மனு பரிசீலனை நடக்கும்போது நீங்களோ உங்கள் ஆளோ அங்கே இருங்கள். சின்னப் பிழை என்றால் அங்கேயே திருத்த அனுமதிப்பார்கள், நீங்கள் இல்லாவிட்டால் தள்ளுபடி என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

மனு தாக்கலிலிருந்து முடிவு அறிவிப்பு வரை மொத்தமே 10 நாளைத் தாண்டக்கூடாது. பரிசீலனை, வாபஸ், எண்ணிக்கை போக உங்களுக்குப் பிரச்சாரத்துக்கு நிஜமாகக் கிடைப்பது நாலைந்து நாள். அதிலும் வகுப்பு நேரத்தில் போக முடியாது. இந்தக் கெடுபிடி, முன்பே நாலு பேருக்குத் தெரிந்த முகமாக இருப்பவருக்கும், பின்னால் அமைப்பு இருப்பவருக்கும்தான் சாதகம். தனியாக நிற்பவர் பத்து நாளில் அறிமுகமாக முடியாது. அதனால் அறிவிப்புக்கு முன்னால் உள்ள வாரங்களில் விடுதிப் பிரச்சினை, நூலக நேரம், உதவித்தொகை தாமதம் என்று எதிலாவது உங்கள் பங்கு தெரிய வேண்டும். அதற்கு எந்த விதியும் தடை இல்லை.

போஸ்டர் விஷயம். அச்சடித்த போஸ்டர், அச்சடித்த நோட்டீஸ், அச்சடித்த எதுவும் கூடாது. கையால் எழுதிய, வரைந்த போஸ்டர் மட்டும் ஒட்டலாம். அதையும் தேர்தல் அதிகாரி முன்கூட்டி அறிவித்த இடங்களில் மட்டும். ஃப்ளெக்ஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம். கையால் எழுதியதை ஜெராக்ஸ் எடுத்தால் அது அச்சா கையெழுத்தா என்று ஆண்டுதோறும் ஒரு சண்டை வரும். பதில் வளாகத்துக்கு வளாகம் மாறும், எனவே ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன் தேர்தல் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்னதை அவரே மறுநாள் மறந்திருப்பார். தில்லிப் பல்கலைக்கழகப் பக்கம் ஒரு தந்திரம் உண்டு. போஸ்டரில் வேட்பாளர் பெயரில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைத்து அச்சடிப்பார்கள், மாட்டினால் "அது நானில்லை" என்று சொல்லிக்கொள்ளலாமாம். அதே தில்லியில் 2024 செப்டம்பரில், தேர்தல் நடக்கலாம், ஆனால் சுவர்களில் கிறுக்கியும் ஒட்டியும் வைத்ததை எல்லாம் அகற்றும் வரை ஓட்டு எண்ணக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எண்ணிக்கை நவம்பர் கடைசியில்தான் நடந்தது. ஜெயித்தோமா என்று தெரியாமல் இரண்டு மாதம் இருந்தார்கள்.

சுவரைக் கெடுத்தால் எல்லா வேட்பாளர்களும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று அறிக்கை சொல்கிறது. அதாவது எதிரணிக்காரன் ஒட்டியதற்கும் உங்களிடம் பணம் கேட்க முடியும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் விதி இருக்கிறது. எனவே பிரச்சாரம் தொடங்கும் நாளிலேயே உங்கள் பகுதிச் சுவர்களைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒலிபெருக்கி கூடாது, வண்டி கூடாது, விலங்குகள் கூடாது. கடைசியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், யாரோ எங்கோ யானையோ குதிரையோ கொண்டுவராமல் இப்படி ஒரு வரி எழுதப்பட்டிருக்காது. ஊர்வலமும் கூட்டமும் வளாகத்துக்குள் நடத்தலாம், வகுப்புக்கு இடைஞ்சல் இல்லாமல், முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி. வளாகத்துக்கு வெளியே எதுவும் கிடையாது, வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் நோட்டீஸ் கொடுப்பதும் வெளியேதான்.

பேச்சில் என்ன கூடாது என்பது நாட்டுத் தேர்தல் நடத்தை விதிகளை ஒட்டியே இருக்கிறது. சாதி, மதம், மொழி சொல்லி ஓட்டுக் கேட்கக்கூடாது. வழிபாட்டு இடங்களைப் பயன்படுத்தக்கூடாது. எதிராளியின் கொள்கை, வேலை, கடந்தகாலச் செயல்பாடு பற்றிப் பேசலாம், சொந்த வாழ்க்கையைப் பேசக்கூடாது. உறுதி செய்யாத குற்றச்சாட்டைச் சொல்லக்கூடாது. மீறினால் வேட்பாளர் தகுதி போவதோடு இந்திய தண்டனைச் சட்டம் 153ஏ பிரிவும் (சமூகப் பிரிவுகளிடையே பகை மூட்டுவது) தேர்தல் குற்றங்கள் பற்றிய அத்தியாயமும் பாயலாம் என்று அறிக்கை எச்சரிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, 153ஏ-வுக்கு இணையானது அதில் 196-வது பிரிவு. பழைய எண்ணை அப்படியே போட்டு அறிவிப்பு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் பற்றி 2006 அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. அப்போது இவை இல்லை. உங்கள் அறிவிப்பில் தனி விதி இருந்தால் அதன்படி நடங்கள். இல்லாவிட்டால் நான் பார்க்கும் முறை இது: மேடையில் சொல்லக்கூடாதது வாட்ஸ்அப் குழுவிலும் கூடாது, காசு கொடுத்துப் போடும் விளம்பரம் செலவுக் கணக்கில் வரும், பிரச்சாரம் முடிந்த நேரத்துக்குப் பிறகு புதிதாக எதையும் பதிவிடக்கூடாது. உங்கள் பெயரில் நண்பர்கள் நடத்தும் பக்கங்களும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். வேட்பாளரின் ஏஜென்டோ அவருக்காகப் பிரச்சார வேலை செய்பவரோ மீறினாலும் வேட்பாளரின் பிரச்சாரத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று அறிக்கை சொல்கிறது. "எனக்குத் தெரியாமல் செய்துவிட்டான்" என்று சொல்லித் தப்பித்தவர்களும் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்க முடியாது.

இனி பணம். ஒரு வேட்பாளருக்கு உச்சவரம்பு 5,000 ரூபாய். 2006-ல் போட்ட தொகை. இன்றைக்கு சார்ட், மார்க்கர், பெயின்ட் என்று நேர்மையாக எழுதினாலும் பெரிய வளாகத்தில் இழுத்துப்பிடித்துத்தான் முடிக்க வேண்டும். பல பெரிய பல்கலைக்கழகங்களில் இந்த வரம்பு வெறும் காகிதத்தில்தான் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டவருக்கு நான் சொல்வது, வரம்புக்குள் நில்லுங்கள், 4,500-ஐத் தாண்டாமல் திட்டமிடுங்கள். மீதி 500 கடைசி நாள் தவறுகளுக்கு.

பணம் எங்கிருந்து வரலாம் என்பதும் விதியில் இருக்கிறது. மாணவர்கள் விருப்பத்தோடு தரும் நன்கொடை தவிர வேறு எங்கிருந்தும் வாங்கக்கூடாது. கட்சிப் பணம் உள்ளே வராமல் இருக்கத்தான் இது. நீங்களும் மாணவர் என்பதால் உங்கள் கைக்காசைப் போடுவதில் பிரச்சினை வராது. ஆனால் மாமா பேப்பர் கடை வைத்திருக்கிறார், சார்ட் சும்மா கொடுத்தார் என்றால் அதில் இரண்டு சிக்கல். சந்தை விலைக்கு அதைச் செலவில் காட்டச் சொல்வார்கள், அதோடு மாணவர் அல்லாதவர் கொடுத்ததாகவும் ஆகும். சும்மா வேண்டாம், பில் போட்டு வாங்குங்கள்.

ஒரு நோட்டில் முதல் நாளிலிருந்து எழுதுங்கள்: தேதி, யார் கொடுத்தது, எவ்வளவு, எதற்குச் செலவு, பில் எண். நன்கொடைக்கும் பெயர், சேர்க்கை எண் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிவு அறிவித்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுத்த இரண்டு நாளில் மாணவர் யாரும் பார்க்கும்படி நிர்வாகம் அதை வெளியிட வேண்டும். கணக்கு கொடுக்காவிட்டாலும், வரம்பைத் தாண்டினாலும் தேர்தல் வெற்றி செல்லாது. தணிக்கை என்றால் ஆடிட்டரிடம் போக வேண்டுமா, பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவே பார்த்துத் தருமா என்பது இடத்துக்கு இடம் வேறு. இதையும் முன்பே கேட்டு வையுங்கள். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்த ஒருவர், கொண்டாட்டத்தில் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டு எங்கள் முன் வந்து நின்றார். பில்கள் எல்லாம் சரியாக இருந்தன, செலவும் வரம்புக்குள்தான். தேதியை மட்டும் எங்களால் மாற்ற முடியவில்லை.

கட்சிக்காரர்கள் வரலாமா? தேர்தல் காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவேட்டில் இல்லாத யாரும் எந்த வகையிலும் பங்கெடுக்கக்கூடாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை, வேட்பாளரின் மனுவும் ரத்தாகலாம். மாவட்டப் பொறுப்பாளர் வந்து வாசலில் கைகொடுத்துவிட்டுப் போனாலே போட்டோ எடுத்துப் புகார் கொடுப்பார்கள். படித்து முடித்துப் போன சீனியர்களும் இதில் அடக்கம், இது பலருக்குத் தெரியாது. நேற்று வரை விடுதியில் இருந்த அண்ணன் இன்று வெளியாள்.

ஆனால் மாணவர் அமைப்பில் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. எந்தக் கட்சியோடு நெருக்கமாக இருந்தாலும், அந்த அமைப்பின் வளாகக் கிளையில் பதிவேட்டில் உள்ள மாணவர்கள் உங்களுக்காக வேலை செய்யலாம். இந்த விதியால் கட்சி அரசியல் வளாகத்தைவிட்டுப் போய்விட்டதா என்றால் இல்லை, முகம் மட்டும் மாணவர் முகமானது. கட்சி வேண்டாம் என்று நினைத்த குழுவினர் ஒன்றைக் கவனிக்கவில்லை என்பேன்: 18 வயதில் நாட்டின் அரசாங்கத்தையே தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவரிடம், வளாகத்துக்குள் மட்டும் அரசியல் பேசாதே என்று சொன்னால் அது எவ்வளவு நாள் நிற்கும்? ஆனால் நியமன முறைக்குப் போகாமல் தேர்தலை ஆதரித்தது அதே குழுதான் என்பதையும் சொல்ல வேண்டும். மதிப்பெண் பார்த்துப் பிரதிநிதிகளை நியமிக்கும் வழக்கம் இடைக்கால ஏற்பாடாக மட்டுமே இருக்கலாம், ஐந்து ஆண்டுக்குள் தேர்தலுக்கு மாற வேண்டும் என்று 2006-லேயே எழுதினார்கள். அந்த ஐந்து ஆண்டு எத்தனையோ வளாகங்களில் இன்னும் முடியவில்லை.

வாக்குப்பதிவை ஒட்டிய நேரக் கணக்கில் பலர் தவறுகிறார்கள். பொதுக்கூட்டம் நடத்தத் தடையான 24 மணி நேரம், வாக்குப்பதிவு முடியும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. மாலை 5 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தால் முந்தைய நாள் மாலை 5 மணியோடு கூட்டங்கள் நிற்க வேண்டும். உங்கள் அறிவிப்பு அதைவிட முன்னால் நிறுத்தச் சொன்னால் அதுதான் கணக்கு. வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக்கூடாது. சின்ன வளாகத்தில் 100 மீட்டர் என்பது கேன்டீன், நூலகம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், எனவே அன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருங்கள். வாக்காளரை வண்டியில் அழைத்துவரக்கூடாது. தண்ணீர் தவிர வேறு எதுவும் கொடுக்கக்கூடாது, ஒரு பிஸ்கட் பாக்கெட் ஆனாலும். அன்றைக்கு நோட்டீஸ் எதுவும் கையில் இருக்கக்கூடாது. வாக்குப்பதிவு முடிந்த 48 மணி நேரத்தில் அந்த இடத்தைச் சுத்தம் செய்வதும் வேட்பாளர்கள் எல்லோருடைய பொறுப்பு. இதைச் செய்கிற வேட்பாளரை நான் இரண்டு பேர்தான் பார்த்திருக்கிறேன், இரண்டு பேரும் தோற்றவர்கள்.

எதிரணி மீறினால் எங்கே போவது? மாணவர் நல டீன் தலைமையில் குறைதீர்ப்புக் குழு இருக்கும். ஒரு மூத்த ஆசிரியர், ஒரு மூத்த நிர்வாக அதிகாரி, இறுதியாண்டு மாணவர் ஒருவர், மாணவி ஒருவர் உறுப்பினர்கள். முடிவு அறிவித்து 3 வாரம் வரை எந்த மாணவரும் புகார் கொடுக்கலாம். பெயர் போட்டுத்தான் கொடுக்க வேண்டும், மொட்டைக் கடுதாசி செல்லாது. புகார் வந்த 24 மணி நேரத்தில் குழு தள்ளுபடி செய்ய வேண்டும் அல்லது விசாரணைக்கு எடுக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய் 24 மணி நேரம் ஆகாமல் விசாரணை நடத்தக்கூடாது, இரு தரப்பும் சம்மதித்தால் தவிர.

நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுத்தவருக்கு. அதோடு, அந்த மீறலால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்றும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதற்காகவே தள்ளிவிடலாம். எங்களிடம் வந்த புகார்களில் பாதி, நாலு பக்கம் கோபமும் ஒரு மங்கலான போட்டோவுமாக இருக்கும். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார், எந்த விதி, யார் பார்த்தார்கள், இது ஒரு பக்கத்தில் அடங்கும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தை வைக்காதீர்கள், எடுத்தவரையே சாட்சியாகக் கூட்டிவாருங்கள். மீறல் உறுதியானால் மீதி நாட்களுக்குப் பிரச்சாரத்தை நிறுத்திவைக்கலாம். தெரிந்தே அப்பட்டமாக மீறியிருந்தால் தகுதிநீக்கமே செய்யலாம். குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் துணைவேந்தரிடம் மேல்முறையீடு. அது விசாரிக்கப்படும் வரை குழுவின் முடிவு அமலில் இருக்கும். இந்த 24 மணி நேரத்தைச் சண்டையிலும் தூக்கத்திலும் தவறவிடுகிறவர்கள் நிறைய, எனவே முடிவு வரும் அன்றே மேல்முறையீட்டு மனுவை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். அடிதடி என்றால் குழு வரை காத்திருக்க வேண்டாம், 12 மணி நேரத்துக்குள் நிர்வாகம் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிக்கையே சொல்கிறது.

கடைசிக் கேள்வி, தோற்றுவிட்டால் வேலை முடிந்ததா. இல்லை. கணக்கு கொடுப்பது "ஒவ்வொரு வேட்பாளரும்" என்றுதான் விதியில் இருக்கிறது, ஜெயித்தவர் என்று இல்லை. தோற்றவர் கணக்கைக் கேட்டு யாரும் கதவைத் தட்டமாட்டார்கள்தான். ஆனாலும் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமான நிர்வாகி பதவி தேர்தல் முடிந்து இரண்டு மாதத்துக்குள் காலியானால் மறுதேர்தல் நடத்த வேண்டும் என்றும் அறிக்கையில் ஒரு வரி உண்டு. ஜெயித்தவரின் கணக்கில் கோளாறு வந்து பதவி போனால், அடுத்து உங்கள் கணக்கைத்தான் புரட்டுவார்கள்.